ஊர்ப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் குழு: போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், பெற்றோரும் ஆசிரியரும் மாதந்தோறும் ஒன்றுகூடி வேலை செய்யும் குழு ஒன்றை அமைத்து நடத்தி வருகிறோம். நான் ஊர்ப் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுபவன். என் மகள் அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இப்படி ஒரு குழுவைத் தொடங்க நினைக்கும் பிற ஊர்க்காரர்களுக்கு, எதை எந்த வரிசையில் செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பது பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு குழு ஏற்கெனவே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 21-ஆவது பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கி, அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024-இல் மறுகட்டமைப்பு நடந்தபோது இக்குழு முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்டதாக அமைந்தது. இது தவிர, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்னும் பழைய அமைப்பும் உண்டு; பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதன் வினா வங்கிப் புத்தகத்தால் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆகவே நாங்கள் தொடங்கியது எந்த அமைப்புக்கும் போட்டியாக அன்று. மேலாண்மைக் குழுவில் இடம்பெறாத எண்பது, தொண்ணூறு குடும்பங்கள் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும், அங்கே பேசியது மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருப்பதைத் தலைமையாசிரியரிடம் காட்டியபோது, அவர் உடனே சம்மதித்தார். அவருக்கும் இப்படி ஒரு துணை தேவைப்பட்டிருந்தது.

முதல் வேலை, கூட்டத்துக்கு ஏற்ற நேரத்தைக் கண்டுபிடிப்பது. எங்கள் பகுதியில் இது எளிதான காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் பாதிப் பேர் போச்சம்பள்ளிச் சந்தையில் இருப்பார்கள். ஆடு, கோழி விற்கவோ, வாரத்துக்கு வேண்டிய காய்கறியும் மளிகையும் வாங்கவோ அன்றைக்குத்தான் போக முடியும். வார நாள்களில் பகல் முழுவதும் நூறு நாள் வேலை, தோட்ட வேலை, சிப்காட் வேலை என்று போய்விடுகிறார்கள். ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்களைக் கம்பெனி பேருந்து எந்த நேரத்தில் இறக்கிவிடும் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். பள்ளி திறக்கும் ஜூன் மாதமோ மாங்காய் அறுவடையின் உச்சம். தோப்பிலும் மண்டியிலும் கூழ் ஆலையிலும் இரவு பகலாக ஆள் வேண்டியிருக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் சனிக்கிழமை இரவு வந்து, திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பிவிடுகிறார்கள்.

ஊரில் எல்லா வீட்டு மனிதரும், சாதி பார்க்காமல், கட்சி பார்க்காமல், ஒரே நேரத்தில் வந்து நிற்கும் இடம் பால் சொசைட்டி ஒன்றுதான். மாலையில் பால் ஊற்றிவிட்டுப் போகிறவர்களிடம் இரண்டு வாரம் விசாரித்து, ஒவ்வொருவர் வீட்டிலும் யார் எப்போது இருப்பார்கள் என்பதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பிலிருந்து, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி, அதாவது சந்தைக்குப் போனவர்கள் திரும்பி, பாலும் ஊற்றி முடித்த பிறகான நேரம், பெரும்பாலோருக்கு ஒத்து வருவதாகத் தெரிந்தது. ஞாயிறன்று மாலையில் பள்ளியைத் திறக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்கள் எல்லோரும் ஞாயிறுதோறும் வர இயலாது என்பதால், மாதத்துக்கு இருவர் முறை வைத்து வந்தார்கள். முதல் கூட்டத்தை மாங்காய்ப் பருவம் ஓய்ந்த பிறகு, ஆகஸ்டு மாதத்தில் வைத்துக்கொண்டோம். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நடத்தியாக வேண்டும் என்று அவசரப்பட்டு ஜூனில் அழைத்திருந்தால், வந்திருக்கக்கூடியவர்கள் வேலையில்லாத நாலைந்து பெரியவர்கள் மட்டுமே.

இடம் பற்றியும் யோசித்தோம். கோயில் மண்டபம் விசாலமானது, மின்விசிறியும் உண்டு, அங்கேயே வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். காலனியிலிருந்து வரும் பெற்றோர் அங்கே வந்தாலும் ஓரமாகத்தான் உட்காருவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வகுப்பறையில் அந்த ஓரம் கிடையாது. பிள்ளைகள் கலந்து உட்காரும் அதே இடத்தில் பெற்றோரும் உட்காருவதுதான் முறை என்று நான் சொன்னதைத் தலைமையாசிரியரும் பிடித்துக்கொண்டார். நாற்காலி எதுவும் போடாமல், ஆசிரியர் உட்பட எல்லோரும் பாயில் வட்டமாக, பிள்ளையின் வகுப்பு வாரியாக உட்காருவது என்று முடிவு செய்தோம். முதல் வகுப்புப் பெற்றோர் ஓர் இடம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் ஓர் இடம் என்று அமர்ந்ததில், தெரு வாரியாகச் சேரும் பழக்கம் தானாகவே கலைந்தது. முதல் கூட்டத்தில் இரண்டு பேர் இதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் வந்தார், இன்னொருவர் இன்றுவரை வரவில்லை. அதற்காக முறையை மாற்றவில்லை, மாற்றப் போவதுமில்லை.

அழைப்பைத் துண்டுச்சீட்டில் அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது வழக்கம். எங்கள் ஊரில் அதைப் படிக்கக்கூடிய பெற்றோர் பல வீடுகளில் ஊரிலேயே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டியோ தாத்தாவோதான். ஆகவே மேலாண்மைக் குழுவின் தலைவியாக இருக்கும் அம்மாவும், ஐந்தாம் வகுப்பு டீச்சரும், நானும் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் நாங்கள் வாசலில் நின்றதுமே அந்த அவ்வா பயந்துபோய், "எம் பேத்தி என்ன தப்பு பண்ணுச்சு, டீச்சர்?" என்று கேட்டார். வேறு பல வீடுகளிலும் ஏறக்குறைய இதே கேள்விதான் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால் அது குற்றம் சொல்லத்தான் என்று அவர்கள் வாழ்க்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அன்றே நாங்கள் மூவரும் திண்ணையில் உட்கார்ந்து, கூட்டத்தில் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் நடத்தையையும் பொதுவில் பேசுவதில்லை, அதைத் தனியே பெற்றோரிடம் மட்டும் ஆசிரியர் பேச வேண்டும் என்ற விதியை எழுதி வைத்தோம். இந்தக் குழுவின் எல்லா விதிகளிலும் இதுவே முக்கியமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்ததாக, பெற்றோரிடம் என்ன கேட்பது என்று தீர்மானித்தோம். ஆசிரியர்களுக்குத் தெரியாத, பெற்றோருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைக் கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள் என்பது என் எண்ணம். பிள்ளை எந்த வழியாகப் பள்ளிக்கு வருகிறது, வழியில் எந்த இடத்தில் பயப்படுகிறது, காலை உணவில் எதை ஒதுக்குகிறது, வீட்டில் வந்து முதலில் எதைக் கேட்கிறது என்று நான்கு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, டீச்சர் வாசித்தார். பத்து நிமிடம் அமைதியாக இருந்த அறையில், நான்காவது கேள்விக்கு மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்: வந்ததும் தண்ணீர்தான் கேட்கிறார்கள், சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பிள்ளைகள் குடிப்பதே இல்லை என்பது அப்போதுதான் ஆசிரியர்களுக்குத் தெரிய வந்தது. அன்றைய கூட்டத்திலேயே எங்கள் முதல் வேலை இன்னதென்று முடிவாகிவிட்டது.

இந்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் தாதுப்பொருள் அதிகம் என்பது பழைய செய்தி. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும். இன்னும் அதிகமாகிப் பல ஆண்டுகள் நீடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். நிலைப்பற்களின் மேற்பூச்சு உருவாவது பெரும்பாலும் எட்டு வயதுக்குள் என்பதால், அந்த வயதுக்குள் ஏற்பட்ட கறை பின்னர் நல்ல தண்ணீர் குடித்தாலும் போவதில்லை. ஆகவே ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் முக்கியம். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பல தாய்மார் நம்பியிருந்தார்கள். கொதிக்க வைப்பதால் கிருமி சாகுமே தவிர ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அதன் அடர்த்தி கூடவே செய்யும் என்று அறிவியல் டீச்சர் விளக்கியபோது கூட்டத்தில் உண்மையான கவலை எழுந்தது.

ஊராட்சியில் நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற சுயஉதவிக் குழுப் பெண்களில் ஒருவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய். பள்ளி ஆழ்குழாயின் நீரையும், தெருக்குழாயில் வரும் நீரையும் எடுத்து, பெற்றோர் முன்னிலையிலேயே மருந்தைக் கலந்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினார். தெருக்குழாய் நீர் அளவுக்குள் இருந்தது, பள்ளி நீர் 1.5 என்ற கோட்டைத் தாண்டியிருந்தது. பெட்டியின் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பதால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும் மாதிரி அனுப்பி எழுத்தில் முடிவு வாங்கினோம். இந்தத் தாள் பின்னர் ஒவ்வொரு அலுவலகத்திலும் எங்களுக்காகப் பேசியது.

ஒகேனக்கல் ஆற்று நீர் ஊர்த் தெருக்குழாய்களுக்கு வந்து பல ஆண்டுகளாகியும் பள்ளிக்கு ஏன் வரவில்லை என்பதை விளக்கியவர், நான்காம் வகுப்புப் பையனின் அப்பா. ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் அவர். ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் சில மணி நேரம் மட்டுமே வருகிறது. அந்நேரம் பள்ளி பூட்டியிருக்கிறது. பள்ளி மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் அளவுக்கு அந்தக் குழாயில் அழுத்தமும் இல்லை. ஆகவே மாடித் தொட்டி எப்போதும் வளாகத்து ஆழ்குழாய் மோட்டாரால்தான் நிரம்புகிறது என்று அவர் சொன்னார். அப்படியானால் குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஒரு தொட்டியைத் தரையை ஒட்டியே வைத்துவிடலாம் என்று தீர்வையும் அவரே சொன்னார்.

கணக்குப் போட்டோம். பள்ளியில் ஏறக்குறைய 150 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில் ஒன்றரை லிட்டர் என்றால் 225 லிட்டர்; காலை உணவுக்கும் மதியச் சத்துணவுக்கும் சமையலறையில் கேட்டதில் 200 லிட்டருக்குச் சற்று மேல் என்றார்கள். சமையல் தண்ணீரை விட்டுவிடக் கூடாது என்பதில் நாங்கள் கவனமாக இருந்தோம். சோறும் பருப்பும் உறிஞ்சிக்கொள்ளும் தண்ணீரும் பிள்ளையின் வயிற்றுக்குள்தான் போகிறது. ஒரு நாளைக்கு 450 லிட்டர், தண்ணீர் வருவது ஒன்றுவிட்டு ஒருநாள், எனவே 1000 லிட்டர்த் தொட்டி போதுமானது. மூன்றடி உயரத்துக்குக் கல் மேடை கட்டி அதன்மேல் தொட்டியை வைத்தோம். பள்ளி பூட்டியிருக்கும் வேளையிலும் தானாக நிரம்பி, நிறைந்ததும் தானாக நின்றுவிட மிதவை வால்வு பொருத்தினோம். மேடையின் ஒரு பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் மூன்று குழாய்களும், பெரிய பிள்ளைகளுக்குச் சற்று மேலே மூன்று குழாய்களும், சமையலறைக்குத் தனிக் குழாயும் போட்டோம். ஆழ்குழாய்த் தண்ணீர் கழிப்பறைக்கும் கை கழுவவும் மட்டும் என்று ஒதுக்கி, அந்தக் குழாய்களுக்குச் சிவப்பும், குடிநீர்க் குழாய்களுக்கு நீலமும் அடித்தோம். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் நிறத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறது.

தெருக்குழாயிலிருந்து இணைப்பு எடுக்க ஊராட்சியின் அனுமதி வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்குப் பெற்றோர் ஆய்வக முடிவோடு போய், பள்ளிக்கு ஒகேனக்கல் குடிநீர் இணைப்பு தர வேண்டும் என்று மனுக் கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றச் செய்தார்கள். அதற்கு முன் கிராம சபையில் ஒரு வார்த்தையும் பேசியிராத பெண்கள் எழுந்து பேசினார்கள். தீர்மானம் போட்ட பிறகும் இணைப்பு தருவதில் இழுத்தடிப்பு இருந்தது; ஒரு அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று இருவர் பெயரை எழுதி, போய்வந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வைத்ததால் விஷயம் கைநழுவவில்லை. பொங்கலுக்கு முன்பு இணைப்பு கிடைத்தது. குழாய் வேலை முழுவதையும் பெங்களூரில் பிளம்பராக இருக்கும் ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா, ஊருக்கு வந்த சனி, ஞாயிறுகளில் முடித்துக் கொடுத்தார். மகள் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

பணத்தைப் பற்றி எங்கள் விதி கண்டிப்பானது: பெற்றோரிடமிருந்து ஒரு ரூபாயும் வசூலிப்பதில்லை. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி இலவசம் என்பது சட்டம். தலைக்கு ஐம்பது ரூபாய் என்று தொடங்கினால், கொடுக்க முடியாத வீட்டார் அடுத்த கூட்டத்துக்கு வரவே கூசுவார்கள். தொட்டியைப் பழைய மாணவர் ஒருவர் பொருளாகவே வாங்கிக் கொடுத்தார். அது பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. குழாய்களும் வால்வுகளும் பள்ளி மானியத்திலிருந்து, மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு வாங்கப்பட்டன. மேடைக்குக் கல்லும் மணலும் ஊராட்சி தந்தது. கூலியை மட்டும் பெற்றோர் உழைப்பாகத் தந்தார்கள். ரசீதுகளின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தோம். அதைப் படித்தவர்கள் குறைவு என்றாலும், ஒட்டியிருக்கிறது என்பதே பேச்சைத் தடுத்தது.

ஊரில் இல்லாத பெற்றோருக்காக, ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் டீச்சர் தம் குரலிலேயே இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். எழுதி அனுப்புவதைவிட இதுதான் பயன்படுகிறது. வேலைத்தளத்தில் சாரத்தின்மேல் நின்றுகொண்டே கேட்டேன் என்று ஒருவர் சொன்னார். அந்த வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படங்களும் கட்சிச் செய்திகளும் வராமல் பார்த்துக்கொள்ள, ஆசிரியரும் தலைவியும் மட்டுமே அனுப்பும்படி அமைத்திருக்கிறோம். தேர்தல் நெருங்கும்போது குழுவில் பொறுப்பு கேட்டுச் சிலர் வந்தார்கள். இங்கே வகுப்புக்கு இரண்டு பெற்றோர் என்ற பொறுப்பைத் தவிர வேறு பதவியே கிடையாது, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை மாறும் என்று சொன்னதும் விலகிப் போனார்கள்.

தண்ணீர் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, படிப்பைப் பற்றிய பேச்சு தானாக வந்தது. குழாயைப் பார்க்க வந்தவர்கள் வகுப்பறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர், கூட்டத்தின் கடைசி அரை மணியில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாருக்கு மட்டும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டும்படி ஏற்பாடு செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பேரன் தடுமாறுகிறானா, தடையில்லாமல் வாசிக்கிறானா என்பது காதுக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் தமிழ் வாசிப்பில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் டீச்சர் அவர்கள் வீட்டாரோடு உட்கார்ந்தே புரிந்துகொண்டார்.

இப்போது கையில் இருக்கும் வேலை எட்டாம் வகுப்பு முடிப்பவர்களைப் பற்றியது. எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போக வேண்டும், மாலையில் திரும்பும் பேருந்து தாமதமாக வருகிறது. பெண் பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் நின்றுவிடுகிறார்கள். நின்ற பெண்ணுக்கு அடுத்த ஆண்டே மாப்பிள்ளை பார்க்கும் வழக்கம் எங்கள் மாவட்டத்தில் இன்னும் ஒழியவில்லை. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைக் கூட்டத்தில் சொன்னோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் சொன்னோம். இரண்டாவது செய்திதான் பாட்டிமாரைக் கேள்வி கேட்க வைத்தது. எட்டாம் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும், ஒன்பதாம் வகுப்பில் சேரும் வரை உடன் நிற்க ஒரு பெற்றோரின் பெயரை எழுதியிருக்கிறோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலும் புதிய பள்ளியில் சேர்க்கும் நாளிலும் அவர் கூடப் போக வேண்டும். மாலைப் பேருந்தை அரை மணி முன்னதாக விடக் கோரும் மனுவில் இரண்டு ஊர்ப் பெற்றோரின் கையெழுத்தும் கைநாட்டும் சேர்ந்துவிட்டன. பக்கத்து ஊரிலிருந்து இன்னும் வர வேண்டியிருக்கிறது, அங்கேயும் பால் சொசைட்டி நேரத்துக்குத்தான் போகப் போகிறோம்.